விசிட்டர் விசாவில் வாசிக்கப் போகாதே

அன்புள்ள தம்பி,

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அமெரிக்காவில் மூன்று பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கு மிருதங்கம் வாசிக்க உனக்கு அழைப்பு வந்திருப்பதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். நடனத்துக்கு வாசிப்பது தனிக்கலை. அதற்காக நீ உன் குருநாதரிடம் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் அதே கடிதத்தில், "விசிட்டர் விசாவிலேயே வந்துவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள், பணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம்" என்று நாட்டியப் பள்ளி நடத்துகிறவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். அப்படிப் போகாதே.

பி-1, பி-2 (B-1, B-2) என்ற விசிட்டர் விசாக்கள் ஊர் பார்க்கவும், உறவினரைப் பார்க்கவும், வியாபாரப் பேச்சு நடத்தவும் தரப்படுபவை. தொழில்முறைக் கலைஞர் மேடையேறினால் அமெரிக்கச் சட்டம் அதை வேலையாகவே பார்க்கிறது. சம்பளம் வாங்கவில்லை என்று சொன்னாலும் பெரும்பாலும் தப்ப முடியாது. சில விலக்குகள் உண்டு. சொந்த நாட்டு அரசே முழுச் செலவையும் ஏற்று அனுப்பி, கட்டணம் இல்லாத சபையில் நடக்கும் கலாசார நிகழ்ச்சி ஒன்று. தொழில்முறைக் கலைஞர் அல்லாதவர்கள் தர்ம காரியத்துக்காகச் சம்பளமின்றி ஆடிப்பாடுவது இன்னொன்று. மூன்று மேடைகளுக்குத் தொகை பேசிப் போகும் நீ இவற்றில் எதிலும் அடங்கமாட்டாய்.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்பாய். விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி உன் மிருதங்கப் பையைப் பார்ப்பார். போனைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அதில் உன் பெயர் அச்சிட்ட அரங்கேற்ற அழைப்பிதழ் வாட்ஸப்பில் இருக்கும். அங்கிருந்தே திருப்பி அனுப்பினால் ஐந்து வருடம் உள்ளே விடமாட்டார்கள். பொய் சொல்லி விசா வாங்கினாய் என்று முடிவு கட்டினால் தடை ஆயுள் முழுவதற்கும். அதை நீக்கத் தனியாக மன்றாட வேண்டும். அழைத்தவருக்கு அன்றைக்கு ஒரு மிருதங்கக்காரர் குறைவார், உள்ளூரில் யாரையாவது பிடித்து நிகழ்ச்சியை நடத்திவிடுவார். உனக்கோ வயது இருபத்து மூன்று.

நீ கேட்க வேண்டிய விசாவுக்குப் பெயர் பி-3 (P-3). விசிட்டர் விசாவின் பி (B) வேறு, இது வேறு. 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் கலைஞர்களும் பயன்படுத்தக்கூடிய ஓ (O), பி (P) என்ற இரண்டு வகைகளை உண்டாக்கியது. அசாதாரணத் திறமைக்குப் பெயர் பெற்ற தனிக்கலைஞர்களுக்கு ஓ-1. உலக அளவில் அறியப்பட்ட குழுக்களுக்கு பி-1 (P-1). ஒரு நாட்டுக்கோ இனத்துக்கோ சமூகத்துக்கோ உரிய தனிப்பட்ட கலையை நிகழ்த்த, கற்பிக்க, பயிற்சி தர வருகிறவர்களுக்கு பி-3. கர்நாடக இசை, பரதம், தெருக்கூத்து, பறையாட்டம், நாகஸ்வரம் எல்லாம் இதில் பொருந்தும். 1978 முதல் கிளீவ்லாந்தில் நடக்கும் தியாகராஜ ஆராதனையும், ஜூலை நான்காம் தேதியை ஒட்டி வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை நடத்தும் விழாவும் இங்கிருந்து கலைஞர்களை அழைப்பவை. ஆகவே இந்த நடைமுறை தெரிந்தவர்கள் அங்கே நிறையவே இருக்கிறார்கள். உன்னை அழைத்தவர் கேட்டால் சொல்லித்தருவார்கள்.

இந்த விசாவுக்கு நீயாக விண்ணப்பிக்க முடியாது. அங்கே இருக்கும் நிறுவனமோ ஏஜென்டோ ஐ-129 என்ற படிவத்தில் உனக்காக பெட்டிஷன் போட வேண்டும். மூன்று குடும்பங்கள், மூன்று மேடைகள் என்றால் ஒருவரே ஏஜென்டாக இருந்து, தேதி, ஊர், அரங்கம் என்று முழுப் பயணத்திட்டத்தோடு ஒரே பெட்டிஷன் போடலாம். நட்டுவாங்கம், பாட்டு, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் எல்லாரையும் அதிலேயே சேர்க்கலாம். ஒரு பெட்டிஷனில் 25 பேர் வரை இடமுண்டு. கூட வரும் ஒலியமைப்பாளருக்கோ மேக்கப் போடுகிறவருக்கோ மட்டும் தனி பெட்டிஷன் தேவை.

இப்போது நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். அந்தப் பெட்டிஷனோடு எழுத்து ஒப்பந்தத்தின் நகலை இணைக்க வேண்டும். வாய்மொழியாகப் பேசியிருந்தால், பேசியது என்ன என்பதைச் சுருக்கமாக எழுதித் தர வேண்டும். பக்கவாத்தியக்காரனின் வாழ்க்கையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பார். மயிலாப்பூரில் ஒரு கச்சேரிக்குப் போகிறோம். மெயின் ஆர்ட்டிஸ்ட் போனில் கூப்பிட்டதும் போகிறோம். கவரில் என்ன இருக்கிறது என்பது வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் தெரியும். கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். எவ்வளவு தருவார்கள், எத்தனை மேடை, ஒத்திகைக்கு எத்தனை நாள், தங்குவது எங்கே, விமானக் கட்டணம் யார் பொறுப்பு என்பதெல்லாம் கச்சேரிக்கு முன்பே காகிதத்தில் ஏறுவது நம்மில் பலருக்கு இந்த விசா விஷயத்தில் மட்டும்தான். அதையும் படிக்காமல், "ஸ்பான்சர் பார்த்துக்கொள்கிறார்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்து எனக்கு மனம் வலிக்கிறது. அரசுக்குக் கொடுத்த காகிதத்தில் ஒரு தொகையும் கையில் கொடுக்கும்போது வேறு தொகையுமாக நடந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். உன் பெயரில் போன பெட்டிஷனின் நகலைக் கேட்டு வாங்கு. அது உன் உழைப்பைப் பற்றிய காகிதம், கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள். ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே அவர்கள் உன்னை நிறுத்திவிட்டால், நியாயமான திரும்பும் செலவை ஏற்க வேண்டியவர் அழைத்தவரே. சட்டத்தில் இருக்கிறது.

உன்னை அழைத்தவர் தயங்குவதற்குக் காரணம் செலவு, அதில் நியாயமும் உண்டு. பி வகைப் பெட்டிஷனுக்கு 460 டாலராக இருந்த கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் 1,015 டாலர் ஆனது. சிறு நிறுவனங்களுக்கும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் 510. இதற்கு மேல் புகலிடத் திட்டக் கட்டணம் என்று 600 டாலர் வருகிறது. சிறு நிறுவனத்துக்கு 300, லாப நோக்கற்ற அமைப்புக்கு எதுவும் இல்லை. பதினைந்து வேலை நாளில் பதில் வேண்டுமென்றால் பிரீமியம் கட்டணம் இரண்டாயிரத்து எண்ணூறு டாலருக்கு மேல். தொழிற்சங்கத்தின் ஆலோசனைக் கடிதம் வேறு கட்டாயம். இசைக்கு அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் தருகிறது. வக்கீல் வைத்தால் அவருக்கும் தர வேண்டும். ஐந்து கலைஞர்களுக்கும் சேர்த்து ஆகும் இந்தச் செலவை மூன்று குடும்பங்களும் பங்கிட்டுக்கொண்டால், அரங்க வாடகையோடும் விருந்துச் செலவோடும் ஒப்பிடும்போது இது பெரிய தொகை அல்ல என்று அவருக்குப் பணிவாக எடுத்துச் சொல். உன் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறோம் என்றால் சம்மதிக்காதே. நிகழ்ச்சிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே பெட்டிஷன் போடலாம். ஆறு மாதமாவது கையில் இருந்தால் பிரீமியம் தேவைப்படாமலே போகலாம்.

கலையின் தனித்தன்மைக்கு ஆதாரம் கேட்பார்கள். துறை அறிந்த பெரியவர்களின் கடிதம், பத்திரிகை விமர்சனம், நிகழ்ச்சி நிரல் இவையெல்லாம் ஆதாரம். இன்றிலிருந்தே சேர்த்து வை. உன் பெயர் அச்சான ஒவ்வொரு அழைப்பிதழையும் தேதி தெரிய ஸ்கேன் செய். விமர்சனத்தில் பக்கவாத்தியத்துக்கு ஒரு வரிதான் கொடுத்திருப்பார்கள், அந்த ஒரு வரியும் உனக்கு வேண்டும். நீ ஜாஸ் டிரம்மர்களோடு வாசிப்பதும் எனக்குத் தெரியும். கலப்பிசை என்றால் பி-3 கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். யூதர்களின் கிளெஸ்மர் இசையை லத்தீன் அமெரிக்க இசையோடு கலந்து வாசிக்கும் அர்ஜென்டினாக் குழு ஒன்றுக்காக லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்கர்பால் பண்பாட்டு மையம் போட்ட பெட்டிஷனில், 2012ல் மேல்முறையீட்டு அலுவலகம் முன்னுதாரணத் தீர்ப்புத் தந்திருக்கிறது. கலப்பு வடிவமும் பண்பாட்டுத் தனித்தன்மை உடையதாக இருக்கலாம் என்று அதில் ஏற்றார்கள். ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு பெட்டிஷன் போடுகிறவருடையது.

பயிலரங்கு நடத்தவோ பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கவோ ஆசை இருந்தால் அதையும் முதலிலேயே பயணத்திட்டத்தில் போடச் சொல். பி-3 கற்பிப்பதையும் அனுமதிக்கிறது. பெட்டிஷன் போட்டவர் அதே போன்ற நிகழ்ச்சிகளைப் பின்னால் சேர்க்கவும் வழியுண்டு. அவருக்குத் தெரியாமல் நீ தனியாக ஒப்புக்கொள்வதற்கு மட்டும் வழியே இல்லை.

கொஞ்சம் பெயர் வந்ததும் ஒருவர் உன்னிடம் வருவார். "பையனைத் தாளம் போடுகிறவன் என்று குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், போய் இறங்கியதும் அவன் வழியைப் பார்த்துக்கொள்வான்" என்பார். பெரிய தொகை சொல்வார். உறவாகக்கூட இருக்கலாம். சேர்க்காதே. பஞ்சாபில் இப்படிக் குழுவோடு ஆள் அனுப்பும் தொழிலில் சிறைத்தண்டனை வரை போன வழக்குகள் இருக்கின்றன. ஒரு குழுவில் ஒருவர் காணாமல் போனாலும் அடுத்த முறை கதவு மூடுவது நேர்மையாகப் போய் வாசித்துவிட்டுத் திரும்பும் கூத்துக் கலைஞருக்கும் பறைக் கலைஞருக்கும்தான். அவர்களுக்குக் காட்டச் சொத்தும் இல்லை, பரிந்து பேச ஆளும் இல்லை. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே கான்சலேட்டில் நேர்காணல் நடக்கும். தமிழிலேயே பேசலாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். என்ன வாசிக்கப் போகிறாய், எந்தெந்த ஊர், எவ்வளவு பணம், எப்போது திரும்புவாய் என்று கேட்பார்கள். பெட்டிஷனைப் படித்தவனுக்கு இதற்கு ஒத்திகை வேண்டாம். ஊருக்குத் திரும்பும் எண்ணம் உனக்கு உண்டு என்பது நேர்காணல் செய்யும் அதிகாரிக்குத் தெரிய வேண்டும். மார்கழிக் கச்சேரிகளின் தேதிகள் முடிவாகியிருந்தால் அந்தக் காகிதங்களைக் கொண்டுபோ. மிருதங்கத்தில் தோலும் மரமும் இருப்பதைச் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் சொல். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் பூசும் ரவை அங்கேயே கிடைக்கும், பையில் எடுத்துப் போய் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதே.

வெளிநாட்டுக் கலைஞரின் சம்பளத்தில் பொதுவாக 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள், அதுவும் செலவு கழிக்காத மொத்தத் தொகையில். பிடித்ததற்குச் சான்று வாங்கு. அங்கே கணக்குத் தாக்கல் செய்தால் அதிகப்படியானது திரும்ப வரும். இங்கே கட்டும் வரியிலும் கழிக்கலாம். நம் ஊர் ஆடிட்டர் ஒருவரிடம் புறப்படும் முன்பே பேசிவிடு.

நாட்டியப் பள்ளிக்காரருக்கு இன்றே எழுது. பி-3 பெட்டிஷன் போட்டால் வருகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொல். அவர் சம்மதித்து ஒப்பந்தத்தை அனுப்பினால், கையெழுத்துப் போடும் முன் ஒரு நகலை எனக்கு அனுப்பு. இருவரும் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்