தென்காசி அலுவலகத்துக்கு எந்தச் சர்வர்?

2017 வரை சர்வர் என்றால் பெரும்பாலும் இன்டெல் ஜியான்தான். அந்த ஆண்டு ஏஎம்டியின் எபிக் வந்தது. 2018-ல் அமேசான், கிராவிடான் என்ற தன் ஆர்ம் செயலியை வாடகைக்கு விட ஆரம்பித்தது. இன்று எபிக்கில் 192 கோர் வரை உண்டு. ஆனால் அந்தச் சில்லு ஒன்றே 500 வாட் இழுக்கும். மத்தளம்பாறை ஜோஹோ போன்ற பெரிய நிறுவனங்களின் டேட்டா சென்டருக்கு அது சரி. தென்காசியில் ஒரு அரிசி ஆலைக்கோ மருத்துவமனைக்கோ சின்ன ரகமே போதும். போட்டியின் பலன் அந்த ரகத்திலும் கிடைப்பதுதான் மகிழ்ச்சி.

சின்ன ரகத்தில் ஜியான் இ-2400 வரிசை 8 கோரோடு நிற்கிறது. 2024-ல் வந்த எபிக் 4004 வரிசை 16 வரை போகிறது. பிழையைத் தானே திருத்தும் ஈசிசி மெமரி இரண்டிலும் போடலாம். கணக்கு வழக்கு இருக்கும் மெஷினை அது இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

சில்லின் விலைக்கு முன்னால் மென்பொருள் உரிமத்தைப் பாருங்கள். பலர் பணத்தை விடுவது இங்கேதான். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டை கோர் கணக்கில் வாங்கும்போது, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோருக்குப் பணம் கட்ட வேண்டும். 4 கோர் ஜியானுக்கும் 16 கோர் எபிக்குக்கும் ஒரே தொகைதான். எஸ்க்யூஎல் சர்வரைக் கோர் கணக்கில் வாங்கினால் கதையே வேறு: குறைந்தது 4, அதற்கு மேல் ஒவ்வொரு கோருக்கும் காசு. அப்படிப்பட்டவர்கள் 55 வாட்டில் ஓடும் 4 கோர் ஜியான் இ-2434-ஐ எடுக்கலாம். மற்ற அலுவலகங்களுக்கு நான் சொல்வது 8 கோர் எபிக் 4344பி. அது 65 வாட்தான். 16 கோர் 4564பி-க்கு 170 வாட். கரண்ட் போனால் யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதில் இந்த வித்தியாசம் தெரியும்.

குற்றாலத்தில் விடுதி நடத்துபவர்கள் மெஷினே வாங்க வேண்டாம். முன்பதிவு குவிவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மற்ற மாதங்களில் சர்வர் சும்மா கிடக்கும். மும்பையிலோ ஹைதராபாத்திலோ உள்ள அமேசான் மையத்தில் கிராவிடானை வாடகைக்கு எடுங்கள். சீசனில் கூட்டி, பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஒன்று கவனம்: கிராவிடானில் விண்டோஸ் ஓடாது. முன்பதிவுத் தளம் லினக்ஸில் இருந்தால் மட்டுமே இது சரிவரும். டேலி அலுவலகக் கணினியிலேயே இருக்கட்டும்.

வாங்குவதென்று முடிவானால், ஜியானுக்கு ஒன்று, எபிக்குக்கு ஒன்று என இரண்டு கொட்டேஷன் கேளுங்கள். போர்டு போனால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், மறுநாளே வருவதாக எழுதித் தருபவரிடம் வாங்குங்கள்.