ஏழாம் மாதத்தில் கன்று வீசிய மாடு

கேள்வி: எங்கள் பட்டியில் இரண்டு மாடுகள் ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டன. கண்ணூறு என்கிறார்கள். பாலைக் குடிக்கலாமா?
- வாசகர், சம்மாந்துறை

பதில்: கண்ணூறை விடுங்கள். ஐந்து மாதத்துக்குப் பின் அடுத்தடுத்துக் கன்று வீசினால் முதல் சந்தேகம் புரூசெல்லோசிஸ் என்ற தொற்றுநோய். வேறு நோய்களாலும் வீசும். இரத்தப் பரிசோதனைதான் தீர்ப்புச் சொல்லும். உங்கள் அரச கால்நடை வைத்தியரிடம் சொல்லுங்கள். பேராதனை கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது.

விழுந்த கன்றிலும் இளங்கொடியிலும்தான் கிருமி குவிந்திருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், நாய்க்கு எறியாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள். இந்த நோய் மனிதருக்கும் தொற்றும்: விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி. 1887இல் இராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் மோல்டாவில் இந்த வகைக் கிருமியைக் கண்டதே இறந்த படைவீரர்களின் மண்ணீரலில்தான்! பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி சாகும். பச்சைப்பால் வேண்டவே வேண்டாம்.

இந்த நோய்க்கான எஸ்19 தடுப்பூசி பெண் கன்றுகளுக்கு மட்டும், ஏறக்குறைய நான்கு முதல் எட்டு மாத வயதில். சினைமாட்டுக்குப் போட்டால் அதுவே கன்றைக் கலைக்கலாம்.

வீசிய மாட்டைச் சத்தமில்லாமல் விற்கிறார்களே, அது அடுத்தவன் பட்டிக்கு நோயை விற்பது. அறுவடை முடிந்த வயலில் பல பட்டிகள் கலந்து மேயும் நம் பக்கத்தில், பரிசோதனை முடிவு வரும்வரை வீசிய மாடுகளைத் தனியே கட்டுங்கள்.