பி.எஸ்சி. கணிதமும் பங்குனி ஆமையும்

கேள்வி: மகள் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. கணிதத்தை வைத்து உயிரியலில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாள். இப்போதே முடியுமா?
– வாசகி, கடப்பாக்கம்

பதில்: தாராளமாக முடியும் அம்மா. உங்கள் கடற்கரைப் பக்கம் தை முதல் பங்குனி வரை முட்டையிட வரும் பங்குனி ஆமையிலிருந்தே தொடங்கலாம். 1987இல் அமெரிக்காவில் கிரவுஸ், கிரவுடர், காஸ்வெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதன் உறவான பெருந்தலை ஆமையின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பிரித்து, 7×7 அணி (மேட்ரிக்ஸ்) ஒன்றில் அடக்கினார்கள். முட்டைகளை மட்டும் பாதுகாத்தால் இனம் தேறாது, வளரும் ஆமைகள் சாகாமல் இருப்பதுதான் முக்கியம் என்று கணக்கு சொன்னது. இழுவலையில் ஆமை தப்ப வழி வைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அது பெரிய வலு. ஆமைகளின் எண்ணிக்கை கூடுமா குறையுமா என்று சொல்லும், உங்கள் மகள் படிக்கும் ஐகன் மதிப்புதான் அந்தக் கணக்கின் அச்சாணி. பைத்தானில் அந்த அணியை எழுதி, எண்களை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். செமஸ்டர் மனப்பாடத்தைவிட ருசியாக இருக்கும்!

முறையான பயிற்சிக்கு, நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடையில் உதவித்தொகையோடு இரண்டு மாத ஆராய்ச்சி வாய்ப்பு தருகின்றன. உயிரியலுக்கென்று பார்த்தால், சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கணினிசார் உயிரியல் குழுவே இருக்கிறது. கோடைக்கான விண்ணப்பத்தை முந்தைய ஆண்டின் கடைசியிலேயே கேட்பார்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் தீபாவளிக்குள் சொல்லி வைக்கட்டும். விண்ணப்பத்தில் "உயிரியல் பிடிக்கும்" என்று எழுதிப் பயனில்லை. ஆமைக் கணக்கில் தான் எதை மாற்றினாள், என்ன வந்தது என்று எழுதட்டும்.