வடிவமைப்பாளரைத் தேடும் துணிக்கடை

கேள்வி: டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் சேலையும் ரெடிமேட் ஆடைகளும் விற்கும் சிறிய தமிழர் கடை ஒன்று, இணைய விற்பனையையும் தொடங்க எண்ணி, இணையதள வடிவமைப்பாளர் ஒருவரை வேலைக்குச் சேர்க்க விரும்புகிறது. பணி விளக்கத்தை எவ்வாறு எழுதுவது? டேனிஷ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் வேண்டும் என்று அதில் குறிப்பிடலாமா?

பதில்: வேலையில் சேர்பவர் எதைச் செய்ய வேண்டும், யாரிடம் பொறுப்புச் சொல்ல வேண்டும், வேலை சரியாக நடந்திருப்பதை எதைக் கொண்டு அறிவது ஆகியவற்றைக் கூறும் ஆவணமே பணி விளக்கம், விளம்பரம் அதன் சுருக்கம் மட்டுமே. பக்கங்களின் தோற்றத்தையும் வாடிக்கையாளர் பொருளைத் தேடி வாங்கும் வழியையும் திட்டமிடுபவர் வடிவமைப்பாளர். அதை நிரலாக எழுதி இயங்கச் செய்பவர் நிரலாளர். படமெடுத்து, விலையேற்றி, இருப்பைத் திருத்துபவர் கடைப் பராமரிப்பாளர். ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற மென்பொருள்களின் உதவியால் ஒருவரே இம்மூன்றையும் ஓரளவு செய்யக்கூடும் என்றாலும், எது முதன்மையான வேலை, வாரத்தில் எவ்வளவு நேரம் எதற்கு என்பதை முதலாளி முன்பே முடிவு செய்யாவிட்டால், எந்த விளம்பரமும் பொருத்தமான ஆளைக் கொண்டுவராது. ஹேர்னிங் ஜவுளித் தொழிலால் வளர்ந்த நகரம் என்பதாலும், ஆடை வடிவமைப்புக் கற்பிக்கும் வியா பல்கலைக்கழகக் கல்லூரியின் வளாகம் அங்கே இருப்பதாலும், வெறுமனே ‘வடிவமைப்பாளர்’ என்றால் ஆடை வடிவமைப்பாளர்களும் விண்ணப்பிக்கக்கூடும்; எனவே தலைப்பில் ‘இணையதள’ என்ற சொல் தவறாமல் இடம்பெறுவது நல்லது.

‘படைப்பாற்றல் மிக்கவர்’, ‘துடிப்பானவர்’ போன்ற சொற்களைவிட, முதல் ஆறு மாதங்களில் முடிய வேண்டிய வேலைகளை எழுதுவதே பயன் தரும்: சேலையின் நீளமும் ரவிக்கைத் துணி உண்டா என்பதும் தெரியும் பொருள் பக்கம், நெசவு புலப்படும் நெருக்கப் படங்களுக்கான இடம், ஐரோப்பிய அளவுகளோடு பொருந்தும் அளவுப் பட்டியல், டான்கோர்ட் அட்டையாலும் மொபைல்பே செயலியாலும் பணம் செலுத்தும் வசதி, இணையத்தில் வாங்கியவர் 14 நாள்களுக்குள் பொருளைத் திருப்பும் உரிமை பற்றிய விளக்கம். அணுகல்தன்மையும், அதாவது பார்வைக் குறைபாடு முதலியவை உள்ளவர்களும் தளத்தைத் தடையின்றிப் பயன்படுத்தும் தன்மையும், இவ்வரிசையில் சேர வேண்டும். 2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையக் கடைகளுக்கு அது சட்டக் கடமை. 10 பேருக்கும் குறைவான பணியாளரும் 20 லட்சம் யூரோவுக்கு மேற்படாத ஆண்டு வருவாயும் உடைய சேவை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டெனினும், கண் மங்கிய மூத்த வாடிக்கையாளரை இழக்க எந்தத் துணிக்கடையும் விரும்பாது.

தாய்மொழி பற்றிய நிபந்தனையைத் தவிர்க்க வேண்டும். இனம், மதம், வயது முதலியவற்றின் அடிப்படையில் ஆளெடுப்பதை டென்மார்க்கின் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் திருத்தங்களும் தடுக்கின்றன. நடுநிலையாகத் தோன்றி ஓர் இனத்தாரை மட்டும் ஒதுக்கும் நிபந்தனையும் மறைமுகப் பாகுபாடாகக் கருதப்படலாம். 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களின் பிள்ளைகள் டேனிஷ் பள்ளிகளில் பயின்று அம்மொழியைப் பிழையற எழுதுகிறார்கள்; அவர்களை வாசலிலேயே நிறுத்தும் நிபந்தனையைத் தமிழர் கடையே எழுதுவது வருந்தத்தக்கது. ‘பொருள் விவரங்களை டேனிஷில் பிழையின்றி எழுதும் திறன்’ என்பதே போதும். தமிழ்ப் பக்கங்களும் உண்டெனில் தமிழில் எழுதும் திறனைக் கேட்கலாம், தமிழராக இருக்க வேண்டும் என்று கேட்கலாகாது. விண்ணப்பத்தில் வயதைக் குறிப்பிடுமாறு கோருவதும் 2022 ஜூலை 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

டென்மார்க்கில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் இல்லை. கூலியைத் தொழிற்சங்க உடன்பாடுகளும் தனி ஒப்பந்தங்களுமே தீர்மானிக்கின்றன. எனவே ஊதிய வரம்பையும், வேலை முழுநேரமான 37 மணி நேரமா பகுதிநேரமா என்பதையும் வெளிப்படையாக எழுதுவது நேர்மை. விண்ணப்பிப்பவர் முன்பு செய்த இரண்டு மூன்று தளங்களையும், அவற்றில் தம் பங்கு எது என்பதையும் காட்டச் சொன்னால் போதும். கடைக்கென மாதிரிப் பக்கம் ஒன்றை வரையச் சொல்வதானால், அதற்குத் தரும் தொகையையும் விளம்பரத்திலேயே குறிப்பிட வேண்டும்.