கவிழாம ஓடணுமா? பேட்டரி இருக்கிற இடத்தை முதல்ல பாருங்க

பார்சலைப் பிரிச்ச கையோட ரிமோட் ரேஸ் போட்டைத் தூக்கிக்கிட்டு குளத்துக்கு ஓடற ஆளா நீங்க? கொஞ்சம் உட்காருங்க. நேராப் போகல, துள்ளுது, திருப்பினா கவிழுதுன்னு வர்ற புகார்ல முக்கால்வாசி வீட்டு மேஜை மேலயே தீர்ந்திருக்க வேண்டியது. ஆனா எல்லாரும் முதல்ல செய்யறது பெரிய புரொப்பல்லர் வாங்கி மாட்டறதுதான். வேகத்தை அப்புறம் பார்த்துக்கலாம். நான் சொல்றது, அடிப்பக்கம் 'வி' வடிவத்துல இருக்கிற ஒத்தை மோட்டார் படகுக்கு. புதுசா வாங்கறவங்க கையில பெரும்பாலும் அதுதான் இருக்கு.

1. எடை மையம். இதுக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்க. பேட்டரியை உள்ளே வச்சு, மூடியையும் மாட்டி, படகை ரெண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் குடுத்துத் தூக்குங்க. முன்னாலயும் சாயாம பின்னாலயும் சாயாம எங்கே நிக்குதோ அதுதான் மையம். பின்பலகையிலிருந்து அளந்தா, படகு நீளத்துல சுமார் 30 சதவீதத்துல அது வரணும். 70 செ.மீ. படகுக்கு 21 செ.மீ. பின்னால நீட்டிக்கிட்டிருக்கிற ரட்டரையும் நீளத்துல சேர்த்து அளந்துட்டு, அக்கா கணக்கு தப்புன்னு என்கிட்ட வராதீங்க.

மையம் ரொம்பப் பின்னால போச்சுன்னா மூக்கு தூக்கித் தூக்கித் துள்ளும். ரொம்ப முன்னால வந்துட்டா மூக்கு தண்ணியைக் குத்தி, வளைவுல வெடுக்குனு திரும்பி உருளும். பேட்டரியை அரை அங்குலம் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். சரியான இடம் கிடைச்சதும் மார்க்கர்ல கோடு போட்டு வைங்க. வெல்க்ரோ பட்டையை இறுக்கிக் கட்டுங்க. வளைவுல பேட்டரி நகர்ந்தா போட்ட கணக்கெல்லாம் தண்ணில போச்சு.

இடது வலதையும் பார்க்கணும். புரொப்பல்லர் ஒரு பக்கம் சுத்தினா படகு மறுபக்கம் சாயப் பார்க்கும். பின்னாலிருந்து பார்க்கறப்ப அது இடஞ்சுழியா சுத்தினா படகோட வலப்பக்கம் அமுங்கும். அப்போ பேட்டரியை இடப்பக்கம் ஒரு துளி தள்ளுங்க. இடுப்புல குடம் எடுத்தவங்க மறுபக்கம் சாய்ஞ்சு நடக்கற கணக்குதான்.

2. ஸ்ட்ரட். புரொப்பல்லர் தண்டைப் பின்னால தாங்கிப் பிடிக்கிற உலோகத் துண்டு இது. படகோட அடிக்கோட்டுல ஒரு ஸ்கேல் வச்சு, ரெண்டும் இணையா இருக்கான்னு பாருங்க. முதல் ஓட்டத்துக்கு அப்படியே இருக்கட்டும். பின்நுனி கீழே சரிஞ்சிருந்தா பின்பக்கம் எழும்பி மூக்கு அமுங்கும். மேலே தூக்கியிருந்தா மூக்கு எழும்பும். ஒரு டிகிரி மாத்தறதே பெரிய விஷயம், கைக்கு வந்தபடி வளைக்காதீங்க.

புரொப்பல்லருக்கு முன்னால இருக்கிற பிடிக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவுல மூணு நாலு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்க. மோட்டாரையும் புரொப்பல்லரையும் இணைக்கிற ஃப்ளெக்ஸ் கம்பி வேகத்துல முறுக்கேறிக் கொஞ்சம் சுருங்கும். இடமில்லேன்னா உரசி, மோட்டார் கொதிக்கும். ஓட்டின அன்னைக்கே கம்பியை உருவித் துடைச்சு கிரீஸ் தடவணும். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டா துருதான் மிஞ்சும். உள்ளே இருக்கிற புஷ் தேய்ஞ்சு தண்டு ஆடுதா? பூட்டுக்குப் பேர்போன ஊர்ல இருந்துக்கிட்டு ஆன்லைன்ல ஆர்டர் போட்டு ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க. பழைய புஷ்ஷை ஒரு லேத் பட்டறையில குடுத்தா பித்தளையில கடைஞ்சு குடுத்துடுவாங்க.

3. டிரிம் டேப். பின்பலகையில ரெண்டு பக்கமும் இருக்கிற சின்னத் தகடு இது. படகு துள்ளினா ரெண்டையும் ஒரே அளவு கொஞ்சம் கீழே இறக்குங்க. ஒரு பக்கம் மட்டும் அமுங்கினா அந்தப் பக்கத்தை மட்டும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தி, மாத்தினதைப் பேப்பர்ல எழுதுங்க. ஒரே மூச்சுல நாலை மாத்திட்டு, எது வேலை செஞ்சதுன்னு யாரைக் கேட்பீங்க?

4. டர்ன் ஃபின். வளைவுல படகு வழுக்காம தண்ணியைப் பிடிக்கிற தகடு இது. பந்தயத்துல வலப்பக்கமா சுத்தறதுதான் வழக்கம், அதனால ஃபின் வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் திருப்பறப்ப வேகத்தைக் குறைங்க.

5. புரொப்பல்லர். கம்பெனி குடுத்ததையே முதல்ல ஓட்டுங்க. பெருசா மாட்டினா மோட்டார் இழுக்கிற கரன்ட் எகிறி, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற ஈஎஸ்சி கருகும். மாத்தினா ஒரு நிமிஷம் ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்து மோட்டார், ஈஎஸ்சி, பேட்டரி மூணையும் தொட்டுப் பாருங்க. விரல் வைக்க முடியலேன்னா பழையதுக்கே போங்க. கூர் தீட்டறவங்களுக்கு ஒரு கண்டிப்பு: பந்தய புரொப்பல்லர் பலதும் பெரிலியம் கலந்த செம்பு. அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். மாஸ்க் போட்டு, தண்ணி நனைச்சுத்தான் தேய்க்கணும்.

6. காத்து. ஆனி, ஆடியில மேற்கத்திக் காத்து நம்ம ஊர்ல எப்படி அடிக்கும்னு நான் சொல்லணுமா? காத்துக்கு எதிரா முழு வேகத்துல போனா, எழும்பின மூக்குக்கு அடியில காத்து புகுந்து படகையே மல்லாத்திடும். நிஜப் படகுலயே நடந்திருக்கு. 1967 ஜனவரி 4 அன்னைக்கு இங்கிலாந்தோட கோனிஸ்டன் ஏரியில டொனால்ட் கேம்பல் ஓட்டின புளூபேர்ட் மணிக்கு 450 கி.மீ.க்கும் மேல போறப்ப மூக்கு எழும்பிக் குட்டிக்கரணம் அடிச்சு, அவர் உயிரையே குடிச்சது. முதல் ஓட்டம் முடிஞ்ச கொஞ்ச நேரத்துலயே திரும்பினதால, அதுல கிளம்பின அலையும் ஒரு காரணம்னு சொல்றவங்க உண்டு. நீங்களும் உங்க படகு கிளப்பின அலை அடங்கற வரைக்கும் பொறுங்க. வெயில் ஏறி காத்து கிளம்பறதுக்கு முன்னாடி, விடியக்காலையில போறது இன்னும் நல்லது.

7. எங்கே ஓட்டறது? ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் நமக்கெல்லாம் குடிதண்ணி குடுக்கிற இடம், அங்கே வேண்டாம். ஆள் குளிக்கிற, ஆடு மாடு இறங்கற இடமும் வேண்டாம். தெரிஞ்சவங்க தோட்டத்துல பண்ணைக்குட்டை இருந்தா கேட்டுட்டுப் போங்க. பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குட்டைன்னா, படகு நின்னுபோனாலும் நீங்க இறங்கக் கூடாது. பாசி வழுக்கும், ஏற முடியாது. மண் எடுத்த குளத்துல பள்ளம் எங்கேன்னே தெரியாது. தூண்டில் கம்புல டென்னிஸ் பந்து கட்டிக் கொண்டுபோங்க. படகைத் தாண்டி வீசிச் சுருட்டினா வந்துடும். ஆகாயத்தாமரை கிடக்கிற பக்கமே போகாதீங்க. புரொப்பல்லர்ல சுத்தும், மோட்டாரைக் குளிர்விக்கிற தண்ணிக் குழாயையும் அடைக்கும். ஓடறப்ப பக்கவாட்டுத் துளையில தண்ணி பீச்சலேன்னா உடனே நிறுத்துங்க.

8. சில்லறை விஷயம்தான், ஆனா விட்டா செலவு வைக்கும்:
- ரிமோட்டை முதல்ல ஆன் பண்ணுங்க, கடைசியா ஆஃப் பண்ணுங்க. பேட்டரி மாட்டறப்ப கை புரொப்பல்லர் பக்கமே போகக் கூடாது.
- 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தண்ணிக்குள்ள செத்துடும். ரிசீவர் ஆன்டெனா நுனியைத் தண்ணி மட்டத்துக்கு மேலே நிறுத்துங்க.
- மூக்குக்குள்ள ஃபோம் அடைங்க. தண்ணி புகுந்தாலும் மிதக்கும்.
- லைப்போ பேட்டரியை செல்லுக்கு 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீங்க. அடுத்த வாரம்தான் ஓட்டப் போறீங்கன்னா 3.8 வோல்ட்டுல நிறுத்தி எடுத்து வைங்க. சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க. சித்திரை வெயில்ல அதை வண்டி டிக்கியில வச்சுப் பூட்டிட்டு பிரியாணிக் கடைக்குள்ள போய் உட்காரவும் கூடாது. பையோட உள்ளே எடுத்துட்டுப் போங்க.