வரைபுத் தரவுத்தளத்திலிருந்து காட்சிப் பகுப்பாய்வுக்கு: சென்னை மேற்குப் பகுதித் தலங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இலக்கியத் தரவுகளை வரைபுத் தரவுத்தளத்தில் சேமித்து, அவற்றைக் காட்சிப் பகுப்பாய்வு மென்பொருளுக்கு மாற்றும்பொழுது உறவுகளின் வகை, பெயர்களின் அடையாளம், எழுத்துக் குறியீடு ஆகிய மூன்றிலும் இழப்பு நேரக்கூடும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி சூழலிலுள்ள பக்தி இலக்கியத் தலங்களைச் சான்றாகக் கொண்டு, அவ்விழப்புகள் ஆய்வு முடிவை எவ்வாறு மாற்றுகின்றன என்பதையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வரைபுத் தரவுத்தளம், நியோ4ஜே, கெஃபி, தலம், பதிகம், திருத்தொண்டத்தொகை.

முன்னுரை

புலவர், நூல், தலம் ஆகியவற்றுக்கு இடையிலான உறவுகளை அட்டவணையில் அடக்குவது கடினம். வரைபுத் தரவுத்தளம் அவற்றைக் கணுக்களாகவும் இணைப்புகளாகவும் சேமிக்கிறது. நியோ4ஜே இவ்வகையில் பரவலாக வழங்குவது. சைஃபர் என்பது அதன் வினவல் மொழி. ஆயினும் முழு வலையமைப்பையும் ஒருசேர நோக்கவும், மையத்தன்மையைக் கணித்துக் கணுவின் அளவாகக் காட்டவும் ஆய்வாளர் கெஃபி போன்ற கருவியையே நாடுகின்றனர். பிரான்சில் 2008ஆம் ஆண்டளவில் மாணவர் முயற்சியாகத் தொடங்கிய இம்மென்பொருள் கட்டற்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாற்றம் வெறும் தொழில்நுட்பப் பணியன்று; அதுவும் ஒருவகை உரைகோளே என்பது இக்கட்டுரையின் கருத்து.

தரவும் அமைப்பும்

இங்கு எடுத்துக்கொண்ட ஊர்கள் ஏழு: திருவலிதாயம் (இன்றைய பாடி), வடதிருமுல்லைவாயில், திருவேற்காடு, திருநின்றவூர், திருமழிசை, பூவிருந்தவல்லி, குன்றத்தூர். திருவலிதாயத்திற்கும் திருவேற்காட்டிற்கும் சம்பந்தர் பதிகங்கள் உள்ளன. வடதிருமுல்லைவாயிலுக்குச் சுந்தரர் பதிகம் உள்ளது. திருநின்றவூர் பூசலாரின் ஊர். திருவேற்காடு மூர்க்க நாயனாரின் ஊர். திருமழிசை அப்பெயர் கொண்ட ஆழ்வாரின் ஊர். பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பியின் ஊர். குன்றத்தூர் சேக்கிழாரின் ஊர்.

இவ்வுறவுகள் நான்கு வகைப்படும்: தனிப்பதிகம் பாடுதல், பிற பொருள் பற்றிய பாடலில் ஊரைக் குறிப்பிடுதல், ஊரினராதல், அவ்வூர் நாயனாரின் வரலாற்றைப் பாடுதல். தரவுத்தளத்தில் ஒவ்வோர் இணைப்பும் தன் வகைப்பெயரை உடன் கொண்டுள்ளது.

வகை இழப்பு

திருநின்றவூர் இங்குச் சிறந்த சான்றாகும். சுந்தரர் அவ்வூரைத் தனிப்பதிகத்தில் பாடவில்லை. திருத்தொண்டத்தொகையில் பூசலாரைச் சுட்டுமிடத்து அவரது ஊராகக் குறிப்பிடுகிறார். திருமங்கையாழ்வாரும் திருக்கடல்மல்லைப் பதிகத்தில் ஒரு பாசுரத்திலும், திருக்கண்ணமங்கைப் பதிகத்தில் ஒரு பாசுரத்திலும் அவ்வூரைச் சுட்டுகிறார். இருவர் வாக்கிலும் அது வேறொன்றைப் பாடும்பொழுது நினைக்கப்படும் ஊராகவே அமைகிறது.

நூற்கணுக்களை நீக்கிப் புலவரையும் ஊரையும் நேரே இணைத்து, இணைப்பு வகைகளை விட்டுவிட்டு ஏற்றுமதி செய்தால், திருநின்றவூரின் மொத்த எடை 5 ஆகிறது: திருமங்கையாழ்வார் 2, சுந்தரர் 1, சேக்கிழார் 1, பூசலார் 1. திருவேற்காடு 3 பெறுகிறது. திருவலிதாயமும் வடதிருமுல்லைவாயிலும் 1 மட்டுமே பெறுகின்றன. கணுவின் அளவை எடைக்கேற்ப அமைக்கும் படத்தில், இவ்வட்டாரத்தின் மிகுதியாகப் பாடப்பட்ட ஊர் திருநின்றவூர் என்னும் தோற்றம் எழுகிறது. தனிப்பதிக உறவை மட்டும் வடிகட்டினால் அதன் எடை 0. ஏனைய மூன்று தலங்களும் 1 பெறுகின்றன. இரு படங்களும் ஒரே தரவிலிருந்து பிறந்தவை என்பது கருதத்தக்கது.

மேலும், ஆழ்வார் சுட்டுவது அவ்வூர்த் திருமாலை. திருத்தொண்டத்தொகை சுட்டுவது சிவனடியாரின் ஊரை. ஊரைக் கணுவாகக் கொள்வதா, கோயிலைக் கணுவாகக் கொள்வதா என்பதை ஏற்றுமதிக்கு முன்பே முடிவு செய்தல் வேண்டும்.

அடையாள இழப்பு

முல்லைவாயில் என்னும் பெயரில் இரு தலங்கள் உள்ளன. சீர்காழிப் பகுதியிலுள்ள தென்திருமுல்லைவாயிலைச் சம்பந்தர் பாடியுள்ளார். கணுக்களை ஊர்ப்பெயரால் மட்டும் இணைத்தால் அப்பதிகம் ஆவடிக்கு அருகிலுள்ள தலத்துடன் சேர்ந்துவிடும். அப்பொழுது சம்பந்தரும் சுந்தரரும் ஒரே தலத்தில் சந்திப்பதாகப் படம் காட்டும். இத்தரவில் அவ்விருவரும் பாடிய பொதுத்தலம் ஒன்றும் இல்லை என்பதே உண்மை.

ஆகவே ஒவ்வொரு கணுவிற்கும் ஆய்வாளரே நிலையான அடையாள எண் வழங்குதல் நன்று. நியோ4ஜே தானே அளிக்கும் உள் எண்ணை நம்புதல் கூடாது. நீக்கப்பட்ட கணுவின் எண் பின்னர் வேறு கணுவிற்கு வழங்கப்படக்கூடும். பாடி, திருவலிதாயம், பூந்தமல்லி, பூவிருந்தவல்லி போன்ற மாற்றுப் பெயர்களை ஒரே கணுவின் பண்புகளாகப் பதிதல் தகும்.

எழுத்துக் குறியீடு

ஒருங்குறியில் ஒகர உயிர்மெய்க் குறியைத் தனிக் குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. திருத்தொண்டத்தொகை என்னும் சொல்லில் ஒகரக் குறி இருமுறை வருவதால், அந்நூல் ஒன்றிற்கு மேற்பட்ட கணுக்களாகப் பிரிய வாய்ப்புண்டு. ஒருங்குறியின் இயல்பாக்க முறையால் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவிற்குக் கொணர்ந்த பின்னரே தரவுத்தளத்தில் ஏற்றுதல் வேண்டும்.

மாற்றும் முறை

முதலாவதாக, சைஃபர் வினவலால் கணுப் பட்டியலையும் இணைப்புப் பட்டியலையும் தனித்தனியே பெறவேண்டும். நியோ4ஜேயின் துணை நூலகமாகிய அபாக், வினவலின் விடையைச் சி.எஸ்.வி. கோப்பாக எழுதித் தரும். ஏற்றுமதி அனுமதியை அமைப்புக் கோப்பில் முன்னரே இயக்குதல் வேண்டும். இரண்டாவதாக, கணுக் கோப்பில் அடையாள எண், பெயர், வகை ஆகியனவும், இணைப்புக் கோப்பில் தொடக்கக் கணு, இறுதிக் கணு, உறவு வகை, எடை, பாடல் எண் ஆகியனவும் நெடுவரிசைகளாக இடம்பெற வேண்டும். மூன்றாவதாக, கெஃபியில் இறக்குமதி செய்யும்பொழுது யூடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தேர்தல் வேண்டும். இரு கணுக்களுக்கிடையே பல இணைப்புகள் இருப்பின் அவற்றை ஒன்றாக்கும் முறையை அம்மென்பொருள் கேட்கும். எடைகளைக் கூட்டும் முறையைத் தேர்ந்தால் உறவு வகைகள் கலந்துவிடும்; ஒன்றாக்காமல் விடுதலே இத்தகைய தரவிற்குப் பொருந்தும். இறுதியாக, தரவுத்தளத்திலும் கெஃபியிலும் வகைவாரியான இணைப்பு எண்ணிக்கையை ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.

படம் காட்டும் உண்மை

இவ்வாறு திருத்திய படத்தில், புலவர்–ஊர் இணைப்புகளை மட்டும் கொண்டால், சம்பந்தரின் தலங்களையும் சுந்தரரின் தலங்களையும் இணைக்கும் ஒரே பாலமாகச் சேக்கிழார் விளங்குகிறார். மூர்க்கர் வழித் திருவேற்காடும் பூசலார் வழித் திருநின்றவூரும் அவரது புராணத்தில் ஒருங்கே இடம்பெறுகின்றன. ஆள்–ஆள் உறவுகளையும் சேர்த்தால், மூர்க்கரையும் பூசலாரையும் போற்றும் சுந்தரரின் தொகை அப்பாலத்தின் அடித்தளமாகப் புலப்படும். எவ்வாறு நோக்கினும், இத்தலங்களை இணைத்தது தொகையிலிருந்து புராணம்வரை வளர்ந்த அடியார் மரபே. முல்லைவாயில் பெயர்க்குழப்பம் திருத்தப்படாதிருப்பின், பொய்யான பாலம் ஒன்று இவ்வுண்மையை மறைத்திருக்கும்.

முடிவுரை

1. உறவின் வகையைக் காக்காத மாற்றம், குறிப்பிடுதலைப் பாடுதலாகத் திரித்துக் காட்டும்.
2. பெயர் வேறு, அடையாளம் வேறு. தலங்களை எண்ணாலேயே இணைத்தல் வேண்டும்.
3. தமிழ் எழுத்துக் குறியீட்டை ஏற்றுமுன் இயல்பாக்குதல் இன்றியமையாதது.
4. வெளியிடப்படும் ஒவ்வொரு வலையமைப்புப் படத்துடனும் அதனை ஈன்ற வினவலும் வடிகட்டிய உறவு வகைகளும் தரப்பட வேண்டும். அவை இல்லாத படத்தைப் பிறர் சரிபார்க்க இயலாது.