பெயர் எழுதுமுன் ஒரு கணம்: வாட்ஸ்அப்பில் தொடர்பு சேர்த்தலும் உரையாடல் தொடங்குதலும்

வங்கியில் கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் "இவரை நான் அறிவேன்" என்று அறிமுகக் கையொப்பம் இடவேண்டிய காலம் ஒன்று இருந்தது. 2002-இல் ரிசர்வ் வங்கி 'உங்கள் வாடிக்கையாளரை அறிக' நெறிமுறைகளை வகுத்த பின்னர், அடையாளச் சான்றுகள் முதன்மை பெற்றன. அறிமுகக் கையொப்பம் படிப்படியாக வழக்கொழிந்தது. ஆயினும் அக்கையொப்பத்தை நாம் இன்றும் நாள்தோறும் இட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். கைப்பேசியில் ஓர் எண்ணுக்குப் பெயர் எழுதிச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும், "இந்த எண் இன்னாருடையது" என்று நமக்கு நாமே சான்றளிக்கிறோம்.

சித்தூர்க் கிளையில் நான் பணியாற்றியபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 48,000 ரூபாயை உடனே அனுப்பவேண்டும் என்று பதற்றத்துடன் வந்தார். பெங்களூரில் இருக்கும் மகனுக்கு அவசரத் தேவையாம். "கணக்கு எண் வேறு ஒருவர் பெயரில் இருக்கிறதே, அம்மா?" என்று கேட்டேன். அவர் கைப்பேசியைக் காட்டினார். மகனின் பெயர், மகனின் படம், மகன் எழுதுவது போன்ற செய்தி. மூன்று நாட்களுக்கு முன் அதே எண்ணிலிருந்து, "அம்மா, போன் உடைந்துவிட்டது, இது என் புதிய எண், சேமித்துக்கொள்ளுங்கள்" என்று செய்தி வந்திருந்தது. அவரும் சேமித்திருந்தார். பழைய எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பார்க்கும்படி வேண்டினேன். மகனே எடுத்தார். அவருடைய கைப்பேசி உடையவே இல்லை.

பணம் தப்பியது. நாற்காலியில் அமர்ந்து தண்ணீர் அருந்திய பின் அந்த அம்மையார் சொன்னது மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை: "அவன் பெயரை அதில் எழுதியது நான்தானே, சார்!"

எனவே, தொடர்பு சேர்க்கும் முறையை அதன் பொருளோடு சேர்த்துக் கற்பது நன்று.

எண்ணைச் சேமித்தல்

வாட்ஸ்அப்பைத் திறந்ததும், உரையாடல்கள் பக்கத்தில் கூட்டல் குறியுடன் ஒரு பொத்தான் காணப்படும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அது கீழ்ப்பகுதியிலும், ஐபோனில் மேற்பகுதியிலும் இருக்கும். அதைத் தொட்டு, புதிய தொடர்பு என்னும் பொருள்படும் வரியைத் தேர்ந்தெடுத்து, பெயரையும் எண்ணையும் இட்டுச் சேமிக்கவேண்டும். இந்திய எண்ணாயின் +91 என்னும் நாட்டுக் குறியீட்டின்பின் பத்து இலக்கங்கள் வரவேண்டும். வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் எண்ணுக்கு அந்நாட்டின் குறியீடு கட்டாயம் தேவை.

நேரில் இருப்பவரைச் சேர்க்க இன்னும் எளிய வழி உண்டு. அவருடைய வாட்ஸ்அப் அமைப்புகளில் தோன்றும் கியூஆர் குறியீட்டை நம் கைப்பேசியால் ஸ்கேன் செய்தால் போதும். இலக்கம் மாறும் பிழை நேராது.

நம் பகுதியில் தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்தே புழங்குகின்றன. ஒரே நபரைத் தமிழ் எழுத்தில் சேமித்துவிட்டு ஆங்கில எழுத்தில் தேடினால் அவர் அகப்படமாட்டார். ஏதேனும் ஓர் எழுத்தை முடிவு செய்து அதையே பின்பற்றுக. பெயருடன் ஊரையோ தொழிலையோ சேர்ப்பதும் பயன்தரும்: 'முருகன் பிளம்பர் புத்தூர்' என்றிருந்தால் நான்கு முருகன்களுக்கிடையே குழப்பம் வாராது.

சேமித்தால் திறக்கும் கதவுகள்

எண்ணைச் சேமிப்பது வெறும் குறிப்பு அன்று. முகப்புப் படத்தை யார் காணலாம், கடைசியாக வந்த நேரத்தை யார் அறியலாம், நம்மைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பனவற்றைத் தனியுரிமை அமைப்பில் 'என் தொடர்புகள் மட்டும்' என்று வரையறுக்க இயலும். அவ்வாறு வரையறுத்தபின் நாம் சேமித்த ஒவ்வொருவருக்கும் அக்கதவுகள் திறக்கின்றன. போலிப் பங்குச்சந்தை ஆலோசனைக் குழுக்களில் பலர் தாம் அறியாமலே சேர்க்கப்படுவதைத் தடுக்க இவ்வமைப்பு உதவும். ஆனால் கண்ட எண்ணையெல்லாம் சேமித்தால் அதன் பயன் குன்றிவிடும்.

மேலும், அறியாத எண்ணிலிருந்து செய்தி வரும்போது, தடுக்கவும் புகார் செய்யவும் வசதியளிக்கும் பொத்தான்களை வாட்ஸ்அப் காட்டுகிறது. அந்த எண்ணை நாம் சேமித்துவிட்டால் அவ்வெச்சரிக்கை மறைந்து, நாம் எழுதிய பெயரே மேலே நிற்கும். ஆசிரியை அம்மையாருக்கு நேர்ந்ததும் இதுவே.

சேமிக்காமலும் பேசலாம்

திருப்பதி ரயில் நிலையத்தில் அமர்த்தும் ஆட்டோ ஓட்டுநரிடம் ஒரு நாள் பேசவேண்டியிருக்கும். அவரைத் தொடர்பாகச் சேமிக்கத் தேவையில்லை. நமக்கு நாமே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி வாட்ஸ்அப்பில் உண்டு. அதில் அந்த எண்ணை அனுப்பி, அதன்மேல் தொட்டால், அவருடன் உரையாடும் வழி தோன்றும். வேலை முடிந்ததும் உரையாடலை நீக்கிவிடலாம்.

முதற்செய்தி

வெறும் 'ஹாய்' என்று எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர். பெறுபவருக்கு அது அறியாத எண். அவர் ஐயுறுவது இயல்பே. யார், எங்கிருந்து, எதன்பொருட்டு என்ற மூன்றும் முதற்செய்தியிலேயே இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக: "வணக்கம் ஐயா. நான் நகரியிலிருந்து எழுதுகிறேன். தங்கள் கடையில் சென்ற வாரம் தையல் இயந்திரம் வாங்கிய கோவிந்தம்மாளின் மகள். பழுது பார்ப்பது குறித்து அழைக்கலாமா? எந்நேரம் வசதி?"

தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதோர் நம் மாவட்டங்களில் பலர். அவர்களுக்கு ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திப் பிடித்துக் குரற்செய்தி அனுப்பலாம். பழகிய குரல் ஒருவகை அறிமுகம்தான். எனினும் பணம் தொடர்பான பேச்சுக்கு அது மட்டும் போதாது, ஏனெனில் குரலையும் இன்று போலியாக உருவாக்க முடிகிறது.

அரசின் எண்ணும் அங்ஙனமே

2025 ஜனவரி 30 அன்று ஆந்திரப் பிரதேச அரசு 'மன மித்ரா' என்னும் வாட்ஸ்அப் சேவையைத் தொடங்கியது. 'நம் நண்பன்' என்பது அதன் பொருள். முதற்கட்டத்தில் 161 சேவைகள் இடம்பெற்றன. சான்றிதழ் விண்ணப்பம், மின்கட்டணம், அரசுப் பேருந்துப் பயணச்சீட்டு போன்றவை அவற்றுள் அடங்கும். 95523 00009 என்னும் எண்ணைச் சேமித்து ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பினால் சேவைப் பட்டியல் விரியும். இங்கே இயந்திரம்தான் விடை தருகிறது. ஆகவே சுருக்கமான முதற்செய்தியே போதும்.

இத்தகைய எண்களை அரசு அறிவிப்பிலிருந்தோ அலுவலகப் பலகையிலிருந்தோ பார்த்து நாமே இடவேண்டும். யாரோ முன்அனுப்பிய செய்தியிலிருந்து எடுத்தல் கூடாது. பெயருக்கருகே வாட்ஸ்அப் வழங்கும் சரிபார்ப்புக் குறி உள்ளதா என்றும் காண்க. முகப்புப் படத்தில் அரசு முத்திரையோ, வங்கிச் சின்னமோ, திருமலைக் கோபுரமோ இருப்பது சான்றாகாது. படத்தை எவரும் வைக்கலாம்.

"புதிய எண்" என்று செய்தி வந்தால்

முதலாவதாக, சேமிக்காதீர்கள். இரண்டாவதாக, பழைய எண்ணுக்கு அழையுங்கள். அது கிடைக்கவில்லையெனில் குடும்பத்தில் மற்றொருவரிடம் கேளுங்கள். மூன்றாவதாக, குரலையோ முகத்தையோ மட்டும் நம்பாமல், குடும்பத்தார் மட்டுமே அறிந்த ஒன்றை வினவுங்கள். விடை சரியானபின் பெயர் எழுதுங்கள். இதற்கு இரண்டு நிமிடம் பிடிக்கும்.

அறியாத எண்ணிலிருந்து வரும் ஏபிகே கோப்பு, திருமண அழைப்பிதழ் போலத் தோன்றினும் திறக்கலாகாது. ஒருமுறைக் கடவுச்சொல்லையும் ரகசிய எண்ணையும் நம் வங்கி எவ்வழியிலும் கேட்பதில்லை. பணம் இழக்க நேர்ந்தால் தாமதியாது 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைத்து, கிளைக்கும் தெரிவியுங்கள். விரைந்து அறிவித்தால் பணத்தை இடையிலேயே நிறுத்திவைக்கும் வாய்ப்பு மிகுதி.

அந்த ஆசிரியை அம்மையார் இப்போதும் கைப்பேசியைப் பயன்படுத்துகிறார். மகனோடு மாலைதோறும் காணொளியில் பேசுகிறார். சென்றமுறை கிளைக்கு வந்தபோது, பேரன் புதிய எண் வாங்கியிருப்பதாகக் கூறினார். "சேமித்துவிட்டீர்களா, அம்மா?" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை வருகிறான், சார். நேரில் பார்த்துவிட்டு எழுதிக்கொள்கிறேன்" என்றார்.